ஒரு ஆள் என்றுதான் அக்ரிமெண்ட்

கவலைப்படுவது ஒரு வேலை என்று சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அதைச் செய்துதான் நான் பல வருஷம் சாப்பிட்டேன்.

திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜ். கிரிவலம் போகிறவர்கள் அதன் வாசலைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். அங்கே நான் வாட்ச்மேன். ஏழாவதோடு படிப்பை விட்டவன். படிக்கிற காலத்திலேயே பேனாவில் மை இருக்கிறதா, ஸ்கேல் எடுத்தோமா என்று வழியில் நின்று நின்று பையைத் திறந்து பார்த்து, பெல் அடித்த பிறகு வகுப்புக்குப் போய்ச் சேருகிற ஆள். அந்தக் குணம் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கித்தான் கொடுத்தது. கேட்டில் அது உதவியது. மோட்டார் போட்டால் டேங்க் நிரம்புகிற வரை என்னால் உட்கார முடியாது. ரூம் காலி பண்ணிக்கொண்டு போனவர்கள் கீசரை அணைத்தார்களா என்று மாடிக்குப் போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு இறங்கியதும், சரியாகப் பார்த்தேனா என்று மறுபடியும் ஏறுவேன்.

"யோவ், நீ ஒருத்தன் பதறிக்கினு இருக்கறதாலதான்யா நான் நிம்மதியா இருக்கேன்" என்பார் பெரிய முதலாளி. கிண்டல்தான். ஆனாலும் அதைக் கேட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

என் பெரிய கவலை லாட்ஜில் இல்லை, அதன் பின்பக்கத் தெருவில் இருந்தது. அங்கே ஒரு மாடி ரூமில் நானும் என் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். பிள்ளைகள் இல்லை. கல்யாணமாகி நாலைந்து வருஷத்திலேயே அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. மாத்திரையில் அடங்கும். அடங்கிவிட்டது என்று நாம் நினைக்கிற நேரம் பார்த்து வரும். ஒருமுறை அடுப்பருகே விழுந்து முழங்கையெல்லாம் வெந்துபோனது. அதற்குப் பிறகு காலையில் நானே சோறு வடித்துவிட்டுத்தான் டூட்டிக்குப் போவேன்.

போன் வாங்கிக் கொடுத்தேன். அதனால் இன்னும் மோசமானது. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அடிப்பேன். மாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு உள்ளே ஓடிவந்து வழுக்கி விழுந்தாள்.

"வலிப்புல சாவறனோ இல்லியோ, உங்க போன்ல சாவப் போறேன்" என்றாள்.

அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். லாட்ஜ் கேட்டில் என் நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கையகலச் சந்து தெரியும். அந்தச் சந்து வழியாக எங்கள் மாடிக் கொடியின் ஒரு முனை தெரியும். மத்தியானம் சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும் அந்த முனையில் ஒரு ரோஸ் கலர் துண்டைப் போடுவாள். துண்டு தெரிந்தால் அவள் நன்றாக இருக்கிறாள். ஒன்றரை மணி வரை தெரியவில்லை என்றால் நான் எழுந்து போவேன். முதலாளிக்கு இது தெரியும். ரூம் பெருக்குகிற அம்மா வந்து அந்த நேரம் கேட்டில் நிற்பாள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் என் மனைவி துண்டு போட மறந்து டிவி பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்னப் பாக்கறீங்களோ இல்லியோ, துண்ட நல்லா பாத்துக்கறீங்க" என்பாள். நான் திட்டுவேன். கேட்டுக்கு வந்ததும் முதலில் சந்து வழியாகத் துண்டு விழுந்துவிட்டதா என்று பார்ப்பேன்.

இந்தக் கேட்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எப்படித் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது, நான் வருவதற்கு முன்பே இருந்தது. கிரிவலம் வெறுங்காலில்தான் சுற்ற வேண்டும். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் செருப்பை எங்கே விடுவார்கள்? பையில் போட்டுச் சுமந்தால் மலையைச் சுற்றுகிறபோது கூடவே செருப்பும் சுற்றுகிற மாதிரி இருக்கிறது என்று பலருக்குப் பிடிக்காது. எங்கள் கேட்டில் விடுவார்கள். லாட்ஜில் தங்குகிறவர்கள்தான் என்று இல்லை. யார் வேண்டுமானாலும். நான் குடும்பம் குடும்பமாகச் சணல் கயிற்றில் கட்டி, படிக்கட்டின் அடியில் வரிசையாக வைப்பேன். சீட்டு கிடையாது, காசு கிடையாது. முகம்தான் அடையாளம். மலையைச் சுற்றிவிட்டு வீங்கிய காலோடு வந்து நிற்பார்கள், எடுத்துக் கொடுப்பேன். சிலர் ஒரு வாழைப்பழம் கொடுப்பார்கள், சிலர் நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் போவார்கள்.

"செருப்ப விட்டவன் நம்மள விடமாட்டான்யா. அடுத்த பௌர்ணமிக்கு ரூம் கேட்டு வருவான்" என்பார் பெரிய முதலாளி. அப்படித்தான் வந்தார்கள். ஆரணியிலிருந்து ஒரு அம்மா வருவார். முதலில் செருப்பு விட்டார், பிறகு அக்கா தங்கைகளோடு வந்து இரண்டு ரூம் போட்டார், பிறகு மாசம் தவறாமல். கேட்டில் நுழையும்போதே, "அண்ணா, அண்ணிக்கு எப்படி இருக்கு? துண்டு தெரியுதா?" என்று கேட்பார். சந்து வழியாக அவரும் எட்டிப் பார்ப்பார்.

பெரிய முதலாளிக்கு உடம்பு முடியாமல் போய் மகள் வீட்டுக்குப் போனார். மகன் பொறுப்பேற்றான். நல்ல பையன்தான். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். பெருக்குகிற ஆள் வரவில்லை என்றால் தானே விளக்குமாற்றை எடுப்பான். அதுதான் அவனுக்கு அலுத்துப்போயிருக்க வேண்டும். ஒருநாள் ரிசப்ஷனில் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினான்.

"நம்ம வேலை ரூம் விக்கறது. அத மட்டும் நாம பாக்கலாம். பெருக்கறது, துணி, செக்யூரிட்டி எல்லாத்தயும் அதுக்குன்னே இருக்கற கம்பெனிங்களுக்குக் குடுத்துடறேன். ஒருத்தர் லீவுன்னா அவங்களே ஆள் அனுப்பிடுவாங்க. உங்க யாரையும் நிறுத்தல. நாளைலேர்ந்து நீங்க அந்தக் கம்பெனி ஆளுங்க, அவ்ளோதான்."

மற்றவர்கள் சம்பளம், லீவு என்று என்னென்னவோ கேட்டார்கள். எனக்கு ஒன்றுதான் கேட்க இருந்தது.

"எடம் இதே எடம்தானேப்பா?"

"இதே எடம்தாண்ணா."

"இதே கேட்டுதானே?"

"இதே கேட்டு, இதே நாற்காலி. போதுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் திரும்பி வந்து இன்னொரு முறை கேட்டேன். இந்த முறை அவன் சிரிக்கவில்லை, போனில் இருந்தான், தலையை மட்டும் ஆட்டினான். அந்தத் தலையாட்டல் ஆமாவா, போ என்பதா என்று அன்று முழுக்க எனக்குச் சந்தேகம்.

செக்யூரிட்டி கம்பெனியின் ஆபீஸ் வேலூரில். அங்கிருந்து பைக்கில் ஒரு ஃபீல்டு ஆபீசர் வந்தான். முப்பது வயசு இருக்கும். நீலச் சட்டை, தொப்பி, கறுப்பு ஷூ கொடுத்தான். சம்பளம் அதேதான் என்றான். கைக்கு வந்தபோது அதே இல்லை, சட்டைக்கும் ஷூவுக்கும் பிடித்திருந்தார்கள். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் பேச்சில் ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது.

"உங்க பாயிண்ட் இந்த லாட்ஜ்" என்றான். நாங்கள் நிற்கிற இடத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் பாயிண்ட். "பொதுவா ஒரு ஆள ஒரே பாயிண்ட்ல மூணு மாசத்துக்கு மேல வெக்க மாட்டோம்ணா."

"ஏன் சார்?"

"பழகிடுவீங்க."

பழகினால் என்ன தப்பு என்று நான் கேட்கவில்லை. பழகாமல் ஒரு கேட்டை எப்படிப் பார்ப்பது என்றும் கேட்கவில்லை. "எனக்கு இங்கதான் வீடு சார், பின்னாடி தெருவுல. வீட்டுக்காரம்மாக்கு உடம்பு சரியில்ல" என்றேன்.

"அதெல்லாம் பாத்துக்கலாம், பயப்படாதீங்க. ரிப்போர்ட் நல்லா இருந்தா எக்ஸ்டெண்ட் பண்ணுவோம்" என்று சொல்லி என் தோளைத் தட்டினான். அவன் சொன்னதில் அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் நான் மடித்து வைத்துக்கொண்டேன். ரிப்போர்ட் நல்லா இருந்தா. அன்றிலிருந்து நான் நல்ல ரிப்போர்ட்டுக்காக வாழ்ந்தேன்.

கம்பெனி விதி சின்னதுதான். கேட்டை விட்டு நகரக்கூடாது. கேட்டைத் தவிர எதையும் தொடக்கூடாது. கஸ்டமரோடு பேச்சுக் கொடுக்கக்கூடாது.

ஒரு வாரத்தில் லாட்ஜே வேறு மாதிரி ஆகிவிட்டது. பெருக்குகிற அம்மா பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தாள். அது வேறு கம்பெனி. துணியை ஒரு வேன் அள்ளிக்கொண்டு போனது. அது இன்னொரு கம்பெனி.

"ஒரு மருமவளுக்கு ஒரு மாமியாவே தாங்காதுணா. எனுக்கு இப்ப மூணு" என்றாள் அவள். "சின்ன மொதலாளி கூப்புட்டு, நாலாம் நம்பர்ல பக்கெட் ஒழுகுது பாருன்றாரு. எங்க சூப்ரவைசருக்கு போன் போட்டு சொல்லணுமாம், அவரு எனுக்கு போன் போட்டு சொல்லணுமாம். நான் அவர் எதிர்லயே நின்னுனு இருக்கேன்."

ஒருநாள் காலை பத்து மணிக்கு மேல்டேங்க் நிரம்பி வழிந்தது. சுவரில் தண்ணீர் அருவி மாதிரி இறங்குகிறது. மோட்டார் சுவிட்ச் என் நாற்காலியிலிருந்து நாலெட்டில் இருக்கிறது. ரிசப்ஷனைப் பார்த்துக் கத்தினேன். அங்கே இருந்த பெண் எலக்ட்ரிஷியனுக்குப் போன் போட்டாள். எலக்ட்ரிஷியனும் இப்போது வெளி ஆள்தான், தண்டராம்பட்டில் இருப்பதாகச் சொன்னான். பச்சைக் கோட்டு அம்மா வாளியோடு நின்று, "இது எங்க வேலைல வராதாம்ணா, சொல்லிட்டாங்க" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. சுற்றிலும் பார்த்தேன். கம்பெனி கேட்டுக்கு மேலே மாட்டிவிட்டுப் போன காமிரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தேன். குனிந்து ஷூ லேசைக் கட்டுகிற மாதிரி போய்ச் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மோட்டாரை அணைப்பதற்கு ஒரு மனுஷன் திருடன் மாதிரி போக வேண்டியிருந்தது.

துண்டு மட்டும் தெரிந்தது. அதுவரைக்கும் சரி என்று இருந்தேன். தெரியாத நாளில் நான் எழுந்து போக முடியாது. பெருக்குகிற அம்மாவைத்தான் அனுப்புவேன். அவள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்லாத்தான் இருக்காங்க, சீரியல் பாத்துனு இருக்காங்க. என்னயும் உக்காந்து பாருன்றாங்க" என்பாள். அவளும் இப்படிப் போகக்கூடாது என்பது அவள் கம்பெனி விதி.

கம்பெனிக்குப் போன பிறகு வந்த முதல் பௌர்ணமியில் நான் வழக்கம்போலச் செருப்பு வாங்கி வைத்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது பௌர்ணமிக்கு மத்தியானமே கூட்டம். வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். படிக்கட்டின் அடி பாதி நிரம்பியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஃபீல்டு ஆபீசர் நடந்து வந்தான், வேர்த்து ஊற்ற. கேட்டில் நின்று, என்னைப் பார்க்கவில்லை, செருப்புக் குவியலைப் பார்த்தான். போனை எடுத்துப் போட்டோ பிடித்தான்.

"இன்னாணா இது? மார்க்கெட்டா?"

"கிரிவலம் போறவங்க சார். ரொம்ப நாளா…"

"ஒரு ஜோடி காணாம போனா யார் பொறுப்பு? கம்பெனி. செருப்போட எவனாவது எதயாவது வெச்சுட்டுப் போனா? கம்பெனி." உள்ளே போய்ச் சின்ன முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்தான். "சார், உங்க அக்ரிமெண்ட்ல இது இருக்கா?"

சின்ன முதலாளி செருப்புகளைப் பார்த்தான். அந்தக் குவியலில் பாதி அடுத்த மாச ரூம் என்று அவனுக்கும் தெரியும். அவன் அப்பா அவனுக்குச் சொல்லாமலா இருந்திருப்பார்?

"இல்லதான்" என்றான். "அப்பா காலத்துல பண்ணினு இருந்தாங்க."

"அப்ப வேணாம் சார். எங்க ஆளு வாங்கக்கூடாது. நீங்க வேணும்னா அதுக்குன்னு தனியா ஒரு ஆள் போட்டுக்குங்க. எவ்ளோ ஆவும்னு கோட்டேஷன் அனுப்பறேன்."

செருப்பு வாங்கி வைக்க ஒரு ஆளுக்கு யார் கொடுப்பார்கள்? "வேணாம் விடுங்க" என்றான் சின்ன முதலாளி. என்னைப் பார்க்காமல் உள்ளே போனான்.

அன்று வைத்ததை வைத்தபடி கொடுத்து முடித்தேன். அந்த மாசம் முழுக்க அந்தப் போட்டோ எங்கே போயிருக்கும், யார் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். என் மனைவியிடம் சொன்னேன்.

"அடுத்த தரம் வாங்காதீங்க" என்றாள். "ஊர் செருப்பு ஊரோட போவட்டும். நீங்க கேட்ட விட்டுப் போனா நான் யாருக்குத் துண்டு போடறது?"

மூன்றாவது பௌர்ணமி. நான் வாங்கவில்லை. கேட்டில் நின்று கையை நீட்டி மறித்து, "இங்க விடக்கூடாதுங்க, ரூல்சுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சிலர் முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். ஒரு கிழவர் என் ஷூவைப் பார்த்து, "நீ மட்டும் போட்டுனு நிக்கற" என்றார். எல்லோரும் எதிர்ப்பக்கம் நாலு வீடு தள்ளியிருந்த இன்னொரு லாட்ஜுக்குப் போனார்கள். அங்கே ஓனரம்மாவே வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். சிரித்த முகமாகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு எல்லாம் தெரிந்தது, நாலு வீடுதானே.

ஆரணி அம்மா சாயங்காலம் வந்தார். அந்த முறை ஊரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்களையும் அழைத்துவந்திருந்தார். அவருக்கு ரூம் இருந்தது, அவர்களுக்கு இல்லை. "அண்ணா, இவங்க செருப்ப மட்டும்" என்று நீட்டினார்.

"விடக்கூடாதும்மா."

"இன்னாணா வெளாட்றீங்க? செருப்புல குண்டா வெச்சிருக்கேன்?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரித்தால் பேச்சுக் கொடுத்த மாதிரி ஆகும். காமிரா எனக்கு மேலேதான் இருந்தது.

"ரூம்ல வெச்சுக்குங்கம்மா. கேட்டுல கூடாது. ரூல்ஸ் மாறிடிச்சி."

அவர் என் சட்டையில் குத்தியிருந்த கம்பெனிப் பெயரைப் படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அண்ணி நல்லா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். அந்தத் தடவை அவர் சந்து வழியாக எட்டிப் பார்க்கவில்லை. செருப்புகளை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள். போகும்போதே அடுத்த மாசத்துக்கு ரூம் சொல்லிவிட்டுப் போகிறவர், அந்த முறை சொல்லவில்லை என்று ரிசப்ஷன் பெண் சொன்னாள்.

ஆனால் ரிப்போர்ட் நன்றாக இருந்தது. ஃபீல்டு ஆபீசர் வந்து காலியான படிக்கட்டைப் போட்டோ பிடித்துக்கொண்டு, "சூப்பர்ணா, இப்படித்தான் இருக்கணும்" என்றான். நான் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். அவளிடம், "எக்ஸ்டெண்ட் பண்ணிடுவாங்க" என்றேன்.

அந்த வார முடிவிலேயே போன் வந்தது.

"அண்ணா, திங்கக்கெழமலேர்ந்து உங்க பாயிண்ட் மாறுது. செய்யாறு பக்கம் ஒரு குடோன். தங்கறதுக்கு ஷெட் இருக்கு, கவலயே இல்ல."

"சார், ரிப்போர்ட் நல்லா இருக்குன்னீங்களே."

"அதனாலதாண்ணா. அது பெரிய கிளையண்ட். நல்ல ஆளா கேட்டாங்க."

நான் ரிசப்ஷனுக்கு ஓடினேன். கேட்டை விட்டு நகரக்கூடாது என்கிற விதியை அன்றுதான் முதல்முறை காமிராவுக்குத் தெரியவே மீறினேன். சின்ன முதலாளி கணக்கு பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை, துண்டு, சந்து, வலிப்பு என்று தலைகால் இல்லாமல் சொல்லியிருப்பேன். அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"இருங்கண்ணா, நான் பேசறேன்." வேலூருக்குப் போன் போட்டான். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான். அது நல்ல மனசில்தான்.

"சார், எங்க கேட்டுல இருக்கறவர மாத்த வேணாம். அவர் எங்ககிட்ட ரொம்ப வருஷமா இருந்தவரு."

"சார், உங்களுக்கு திங்கக்கெழம காலைல ஆளு நிப்பாரு. ஒரு நிமிஷம் கேப் இருக்காது."

"ஆளு வேணும்னு சொல்லல சார். இவர்தான் வேணும்."

"சார், அக்ரிமெண்ட் ஒரு ஆள்னுதான். எந்த ஆள்னு இல்ல. அந்த மாதிரி குடுக்க ஆரம்பிச்சா எங்களால மேனேஜ் பண்ண முடியாது. கஸ்டமரே ஆள கேக்கறாங்கன்னா, அதான் சார் நாங்க மாத்தறதுக்கே காரணம்."

சின்ன முதலாளி போனை வைத்தான். கணக்கு நோட்டை மூடினான்.

"கம்பெனிய விட்டுட்டு பழையபடி உங்ககிட்டயே வந்துடட்டாப்பா?" என்று கேட்டேன். "நான் வந்துடறேம்பா."

"ஒரு வருஷம் கையெழுத்து போட்ருக்கேண்ணா. அவங்க ஆள நான் எடுத்துக்கக்கூடாதுன்னும் அதுல இருக்கு." குரலைத் தாழ்த்தினான். "நான் இத யோசிக்கல."

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் லாட்ஜில் அவன் சொல் செல்லவில்லை, நான் என்ன செய்வது?

மீதியிருந்த இரண்டு நாளில் செங்கம் ரோட்டில் இருக்கிற கேட்டையெல்லாம் போய்க் கேட்டேன். லாட்ஜ், கல்யாண மண்டபம், ஆசிரமத்துக்கு அந்தப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற கெஸ்ட் ஹவுஸ்கள். ஒவ்வொரு கேட்டிலும் ஒருவர் யூனிஃபார்மில் நின்றார். சட்டை நிறம்தான் வேறு. "உள்ள கேக்காதீங்கணா, கம்பெனிலதான் கேக்கணும்" என்றார்கள். எதிர்ப்பக்க ஓனரம்மா உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "நாங்களே குடும்பத்தோட பாத்துக்கறோம். ஆள் வெச்சா கட்டுப்படி ஆவல" என்றார். அவர் காலடியில், எடுக்க வராத ஒரு ஜோடிச் செருப்பு இன்னும் இருந்தது.

வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கலாம். அவள் மாத்திரையை யார் வாங்குவது? அவளையும் ஷெட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றால், அங்கே குடும்பம் தங்கக்கூடாது. கடைசியில் கீழ்பென்னாத்தூரில் இருக்கிற அவள் தங்கை வீட்டில் விடுவது என்று ஆயிற்று. தங்கைக்குக் கடலை மில்லில் வேலை, புருஷனுக்கு வேன். பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். மச்சினியின் மகள் காலேஜ் விட்டு வந்தால் உண்டு.

மாடி ரூமைக் காலி பண்ணுகிற அன்று அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். கொடியில் துண்டு கிடந்தது. அன்றும் சாப்பிட்டதும் போட்டிருக்கிறாள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன், அப்போதும் போட்டிருக்கிறாள்.

"எடுத்துனு போவட்டா?" என்றாள்.

"துண்டுதானே, எடுத்துக்கோ."

"அங்க எங்க போடறது? அவ வீட்ல துணியெல்லாம் உள்ளதான் காயுது." மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸிலும் அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

குடோனுக்கு வந்து ஆறேழு மாசம் ஆகிறது. பெரிய கேட். லாரிகள் வரும், போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டிரைவர்கள் இறங்க மாட்டார்கள். சுற்றிலும் தகரச் சுவர், எங்கேயும் சந்து இல்லை. ஊருக்கு எப்போதாவது ஒரு நாள் விடுவார்கள், அதுவும் எனக்கு மாற்று ஆள் வந்தால்தான்.

லாட்ஜில் பெருக்குகிற அம்மா நடுவில் ஒருநாள் போன் பண்ணினாள். "அண்ணா, உங்க எடத்துல மூணாவது ஆள் மாறிட்டான். போன பௌர்ணமிக்கு மோட்டார யாரும் நிறுத்தல. சம்ப்பு வத்திப்போயி மோட்டாரே பொகஞ்சிடிச்சி. ரூம் ஃபுல்லா ஆளு, ஒரு சொட்டு தண்ணி இல்ல. சின்ன மொதலாளி லாரி தண்ணிக்கு ரோடு ரோடா ஓடறாரு, பௌர்ணமில லாரி எங்க வரும்? ரெண்டு பார்ட்டி காச திருப்பிக் குடுன்னு சண்ட." சிரித்தாள். பிறகு, "என்னயும் மாத்திட்டாங்க, ஆஸ்பத்திரி பாயிண்ட்டு" என்றாள். அதன் பிறகு அவளிடமிருந்தும் போன் இல்லை.

அந்த மோட்டாரை நினைத்து நான் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. என் மோட்டார் இல்லை. ஆனாலும் அது ஓடுகிற சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

போன வாரம் ஃபீல்டு ஆபீசர் வந்தான். குடோன்காரர்களுக்கு என்னைப் பிடித்திருக்கிறதாம், மூணு மாசத்துக்கு மேலும் எக்ஸ்டெண்ட் பண்ணியிருக்கிறார்களாம். "யார்கிட்டயும் பேச்சு இல்ல, நகர்றதில்ல. இப்பதாண்ணா நீங்க பக்கா செக்யூரிட்டி" என்றான். நான் ஊர்ப் பக்கமாக ஒரு பாயிண்ட் கேட்டேன். "பாத்துக்கலாம்ணா" என்றான். கீழ்பென்னாத்தூரில் அவர்களுக்குப் பாயிண்ட்டே இல்லை என்று ஷெட்டில் கூடத் தங்கியிருக்கிற ஆள் பிறகு சொன்னான்.

தினமும் ஒன்றரை மணிக்குப் போன் பண்ணுவேன். ஒரே ஒருமுறை. அதற்கு மேல் பண்ணினால் அவள் ஓடிவந்து விழுவாள். இன்றைக்கு ரொம்ப நேரம் அடித்தது. அடித்து நிற்கப் போகிற நேரத்தில் யாரோ எடுத்தார்கள். மச்சினி மகள். காலேஜ் சீக்கிரம் விட்டுவிட்டது போல.

"பெரியப்பா, பெரியம்மா தூங்கறாங்க."

மத்தியானத்தில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. வலிப்பு வந்து போனால் தூங்குவாள். செத்த மாதிரி, வாயோரம் ஈரத்தோடு, சாயங்காலம் வரை தூங்குவாள். அதைக் கேட்பதா? கேட்டால் அந்தப் பெண் பயந்துவிடும். கேட்காவிட்டால்?

"எப்பலேர்ந்துமா தூங்கறா?"

"தெரில பெரியப்பா. நான் வரும்போதே படுத்துனு இருந்தாங்க. எழுப்பட்டுமா?"

"வேணாம். கூட இரு. நீ எங்கயும் போயிடாத."

"இல்ல பெரியப்பா, டியூஷன் இருக்கு. சீக்கிரம் வந்துடுவேன்."

எங்கே படுத்திருக்கிறாள், பாயிலா, வெறும் தரையிலா என்று கேட்க வாயெடுத்தேன். வெளியே ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. இரண்டு தரம் அடித்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கேட்டைத் திறந்தேன்.